எதையுமே கேட்காத வக்கீல்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பட்டுத்தறிக்கு நானே ஒரு மிதிகட்டை செய்தேன். சேலையின் உடலையும் கரையையும் இணைத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். இதை மாட்டினால் என் கணவர் தனியாகவே நெய்துவிடுவார். வேறு யாரும் அதைக் காப்பி அடிக்காமல் இருக்க, அதற்குக் காப்புரிமை, அதாவது பேடண்ட், வாங்க நினைத்தோம்.

முதலில் வந்தவர், அதற்கான விண்ணப்பம் எழுதித் தரும் பேடண்ட் ஏஜென்ட். இன்ஜினியரிங் படித்தவர். எந்த இழை முதலில் எழும்புகிறது, கட்டையை ஏன் வளைத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். எங்கள் தெருவில் அப்படிக் கேட்பவர்கள் டிசைன் திருட வந்தவர்கள்தான். தறியைத் துணியால் மூடிவிட்டு, அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்து ஒரு வக்கீலிடம் போனோம். தன்னைப் பேடண்ட் அட்டர்னி என்றார்.

"விவரமெல்லாம் எதுக்குமா? கையெழுத்து போடுங்க, நான் பாத்துக்கறேன்."

எனக்கு நிம்மதி. என் கணவருக்குத்தான் உறுத்தியது.

"சார், இது எப்படி ஓடுதுன்னு பேடண்ட் ஆபீஸ்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்போ ஒரு ஏஜென்ட்டைப் பிடிச்சுக்கலாம்பா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். வீட்டுக்கு வந்து காப்புரிமை அலுவலக இணையதளத்தில் தேடினோம். பதிவு பெற்றவர்களில் ஏஜென்ட் பெயர் இருந்தது. வக்கீல் பெயர் இல்லை. கோர்ட்டில் வழக்கு என்றால்தான் வக்கீல். அந்த அலுவலகத்தில் நமக்காக விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்ய, அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட்தான் வேண்டுமாம்.

அசடு வழிய ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன்.

"முழுசா தெரியாம விண்ணப்பம் எழுதினா, ஒரு ஆணியை மாத்தி எவன் வேணா காப்பி அடிச்சிடுவான்மா. அதுக்குத்தான் கேட்டேன்," என்றார்.

சந்தேகத்தை நான் விடவில்லை. காப்புரிமை வேலைக்கு யார் வந்தாலும் பதிவில் பெயர் பார்த்து, ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிய பிறகே தறியின் துணியை விலக்குகிறேன். அதன்பிறகும் ஒருவர் கேள்வியே கேட்காமல் நின்றால், மறுபடி மூடிவிடுவேன்.