வசந்தா மேடம் பாராட்டியதில்லை

தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ரஹ்மத் அக்கா செல்போனில் கூப்பிட்டார். "வசந்தா மேடம் போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்." நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள். "நம்ம லேடீஸ் பேட்ச் சார்பா நீதான் நாலு வரி எழுதணும்." எனக்கு நல்லதாக எழுத வராது என்றேன். "நல்லதா எழுதுன்னு யாரு சொன்னா? உள்ளத எழுது."

உள்ளதையே எழுதுகிறேன். குரோம்பேட்டை நீச்சல் குளத்தில் நமக்குப் பயிற்சி கொடுத்த வசந்தா மேடத்தை எனக்குப் பிடிக்காது. அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று 'தாய் மாதிரி' என்று கண்ணீர் விட்டவர்கள், அவரிடம் வாங்கிய வசவுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

நான் சேர்ந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். நீந்தத் தெரியும். ஆனால் குளத்தை ஒருமுறை கடப்பதற்குள் மூச்சு இரைத்துவிடும். அதைச் சரிசெய்துகொள்ளத்தான் வந்தேன். முதல் நாளே மற்றவர்களைக் கரையில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் நீந்தச் சொன்னார். மறுகரையைத் தொட்டு நிமிர்ந்ததும் கேட்டார்.

"யாரு கத்துக் குடுத்தது?"

"எங்கப்பா."

"அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அதைச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. மேடத்தின் முகம் மட்டும் மாறவில்லை. "தல மேல தூக்கினா இடுப்பு கீழ போவும். மறுபடி பண்ணு" என்றார்.

வாய்க்குள் தண்ணீர் போகாமலிருக்கத் தலையை வெளியே நீட்டி நீந்துவதுதான் அப்பா சொல்லித் தந்த முறை. மேடம் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார். உள்ளே மூச்சை விட்டுக்கொண்டே வந்து, தோள் திரும்பும்போது கூடவே முகத்தையும் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். புரிந்தது, ஆனால் கழுத்து கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் தலை மேலே எழும்பியது. "புருஷனுக்குத் தலையாட்டியே பழகின கழுத்து, திருப்புன்னா எங்க திரும்பும்?" என்றார், குளமே கேட்கும்படி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரஹ்மத் அக்காவுக்குச் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஆழமென்றால் நடுக்கம். மிதவைப் பலகையைப் பிடித்தபடி அவர் ஆழத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலேயே நீந்தி வந்த மேடம் சொல்லாமல் கொள்ளாமல் பலகையைப் பிடுங்கிவிட்டார். அக்கா தண்ணீர் குடித்து, இருமி, எப்படியோ கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கத்திவிட்டேன். "நீங்க சொல்லிக் குடுக்கறீங்களா, கொல்லப் பாக்கறீங்களா?"

மேடம் நிதானமாகச் சொன்னார். "புடிக்கலன்னா வெளிய போற கேட்டு அங்க கீது."

அக்காவை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். அடுத்த வாரமே அக்கா குளத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஏன் போனீர்கள் என்று சண்டைக்குப் போனேன். "அந்தம்மா செஞ்சது தப்புதான். ஆனா நான் நீஞ்சணுமே. இந்தப் பக்கம் லேடீஸுக்கு வேற யாரு கீறாங்க?" என்றார். நானும் திரும்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருநாள் கழுத்து வசப்பட்டது. நிற்காமல் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினேன். இரைக்கவில்லை. கரையில் நின்ற மேடத்திடம், "பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன். இடது கை நடுவுல வந்து வுழுது. தோளுக்கு நேரா போடு." அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டு அவர் வீட்டோடு கிடந்தபோது, பார்க்கவென்று போய்ச் சண்டை போட்டேன். "அன்னிக்கு எங்கப்பாவப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது மேடம்."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "அவரு சொல்லிக் குடுத்தது தப்பு. செத்துட்டா சரியாயிடுமா?"

சரியாகாது, மேடம். நீங்கள் பலகையைப் பிடுங்கியதும் இன்றுவரை சரியாகவில்லை.

அவர் போனபிறகு குளத்தின் மேலாளர், பெண் பயிற்சியாளர் இல்லாததால் பெண்கள் நேரத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னார். அக்காவும் நானும் போய் நின்றோம். "சேஃப்டி வேணும்ல மேடம், யார் பொறுப்பு?" என்றார் மேலாளர். "இவ்வளவு நாள் சேஃப்டியப் பத்தி எங்களக் கேட்டீங்களா? ஆள் தேடுங்க. கிடைக்கற வரைக்கும் கரையில நான் நிக்கறேன். நேரத்தை மட்டும் தொடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் பேனாவை உருட்டிவிட்டுத் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார். "அப்படியே மேடம் பேசினா மாதிரி கீது."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இரைக்காத மூச்சும் இந்த வாயும்தான். இரண்டும் நமக்குத் தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்துவிடுங்கள், அழுவதற்கல்ல, நீந்துவதற்கு.