காலிப் பேருந்தில் ஒற்றை ஜால்ரா

நான் ஓட்டுவது கம்பெனி பஸ். காலை ஷிப்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளிலிருந்து ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் இறக்குவேன். இரவு வேலை முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அதன் பிறகு மதிய ஷிப்டு வரை எனக்கு வேலை இல்லை. வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. எங்கள் டிராவல்ஸ் வண்டிகள் அங்கேதான் நிற்கும். ஆட்கள் இறங்கிப் போன பஸ்ஸுக்குள் வெயில் ஏறி உட்கார்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் வாசனை, சீட்டு இடுக்கில் வாடிய மல்லிகை, யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். அந்த நேரத்தில் பஸ் ஒரு பெரிய மாடு அசைபோட்டுக்கொண்டு படுத்திருப்பதைப்போல இருக்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பல வருடம் கிளீனராக இருந்தேன். பெரிய வண்டி ஓட்ட எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை அரசாங்கம் நீக்கிய பிறகுதான் எனக்கு பேட்ஜ் கிடைத்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த சீட்டு எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் ஐம்பது பேர் இருந்தாலும் அவர்கள் பார்ப்பது என் முதுகைத்தான். என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் காது சூடாகிவிடும், வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த சீட்டுதான் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

டிரைவர்களுக்கு மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். தொழிற்சாலை மெடிக்கல் ரூமில் நடுவில் ஒரு நாற்காலி. சுற்றி, சுவர் ஓரமாக நாங்கள் இருபது பேர் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராக நடுவில் போய் உட்கார வேண்டும். போகும் முன் பஸ் சாவியை எங்கள் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். தேறினால் சாவி திரும்ப வரும். நான் உட்கார்ந்ததும் அத்தனை கண்களும் என் மேல் விழுந்தன. நர்ஸ் என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மானியைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார். நூற்று அறுபத்தெட்டு.

டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். "மனச ரிலாக்ஸா வெச்சுக்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டான். என்னைவிட வயதில் சின்னவன். கெட்டவன் இல்லை.

"அண்ணா, ரூல்ஸுண்ணா. இப்ப சாவிய எடுத்துக்குங்க, மூணு வாரம் டைம் தர்றேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலன்னா வண்டிய வேற ஆளுதான் எடுக்கணும். உங்கள கேட்ல போட்டுர்றேன். பாஸ் பாத்து உள்ள வுடுற வேல."

கேட் வேலை என்றால் காலை முதல் மாலை வரை ஆயிரம் முகங்களைப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரிலாக்ஸா இருன்னு சொன்னாரே, அதுக்கு இன்னா பண்ணணும்னு கேட்டியா?"

"கேக்கல."

"வாயத் தொறந்து கேக்கறவனா இருந்தா உனக்கு பிரஷரே வந்திருக்காது."

உப்பைக் குறைத்தாள். மாத்திரையை மறக்காமல் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, சேரப்பணஞ்சேரியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. நூற்று நாற்பத்திரண்டு. அதற்குள் இரண்டு பேர் வந்து என் பின்னால் நின்றார்கள். கடைக்காரர் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார். நூற்று ஐம்பத்தாறு. மாத்திரை தன் பங்கைச் செய்துகொண்டிருந்தது. மீதியை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டி ஒரு பஜனைக் குழுவோடு கோயில் ட்ரிப் போனது. மறுநாள் பஸ்ஸைப் பெருக்கும்போது கடைசி சீட்டுக்கு அடியில் ஜால்ராவில் ஒரு தட்டு மட்டும் கிடந்தது. கனமான பித்தளை. நடுத்துளையில் அழுக்கேறிய கயிறு. சூப்பர்வைசர் அவர்களுக்கு போன் போட்டுக் கேட்டான். இன்னொரு தட்டும் எங்கோ தொலைந்துவிட்டது, புதுசு வாங்கிவிட்டோம், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கொக்கியில் மாட்டிவைத்தேன்.

அன்று பதினோரு மணி இருக்கும். சாவியை உருவும்போது கை தவறி அதன் நுனி தட்டின் விளிம்பில் பட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஹாரன், ஏர் பிரேக், கண்டெய்னர் லாரி என்று நாள் முழுக்க என் காதில் விழுவதெல்லாம் முட்டிக்கொண்டு வருகிற சத்தம். இது முட்டவில்லை. மெல்ல எழுந்து, இரண்டு வரிசை சீட்டுகளுக்கு நடுவே நடந்து போனது. ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டு பின்பக்கம் போய், பின்படியில் இறங்கி, ஏரித் தண்ணீர் மேல் போய்விட்டது. போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இருந்தது. பிறகும் இருந்தது. அது முழுவதும் அடங்கிய பிறகுதான், நான் அவ்வளவு நேரமும் ஒரே மூச்சை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மறுபடி தட்டினேன். சத்தம் போகும் வரை மூச்சை விட்டேன். சத்தம் தீர்ந்ததும் உள்ளே இழுத்தேன். மறுபடி தட்டினேன்.

அதன் பிறகு தினமும் அதுதான். கதவைச் சாத்திவிட்டு நாலாவது சீட்டில் உட்கார்வேன். இடது கையில் கயிறு, வலது கையில் பஸ் சாவி. பலமாக அடித்தால் தட்டு கத்தும். நடுவில் தட்டினால் செத்த சத்தம் வரும். விளிம்பில், சாவி சறுக்குவதுபோலப் பட வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெயிலும் தூசியும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து மிதக்கத் தொடங்கும். ஏரியில் நிற்கும் கொக்கு, அதற்கு அப்பால் தொழிற்சாலையின் நீலத் தகரக் கூரை, கூரைக்கு மேல் மேகம், எல்லாம் ஒரே தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருக்கும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் எனக்கு என் முகமே மறந்துபோனது. பயமாக இல்லை. நிம்மதியாக இருந்தது.

பக்கத்து வண்டி டிரைவர் என் கூட்டாளி. வாய் ஓயாதவன். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டான்.

"இன்னாபா, கதவ சாத்திக்கினு பூஜ பண்றியா?"

தட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். அது உள்ளே போயும் கிணுகிணுத்தது.

"ஒண்ணுமில்ல. கீழ கெடந்திச்சு."

"சூப்பர்வைசருக்கு ஜால்ரா அடிக்கக் கத்துக்கினு கீறியா? இப்பவாவது புத்தி வந்திச்சே!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டு எதிர் சீட்டில் கால் நீட்டிப் படுத்தான். "செரி, அடி. எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது" என்றான். யாராவது பக்கத்தில் இருந்தால் எனக்கு அந்தச் சத்தம் சரியாக வராது என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்து, மெதுவாக இரண்டு தடவை தட்டினேன். மூன்றாவதுக்கு அவன் குறட்டை கேட்டது.

மூன்று வாரம் முடிந்தது.

எல்லா டிரைவர்களையும் மறுபடி செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதே அறை, அதே நாற்காலி. இந்தத் தடவை நர்ஸ் புதிதாக வந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சாவிகளை சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டான். கூட்டாளி எனக்கு முன்னால் போய், தேறி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தான். தட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கூட இருந்தால் போதும் என்றுதான் கொண்டுவந்திருந்தேன்.

உட்கார்ந்தேன். கண்கள் எல்லாம் திரும்பின. பட்டை இறுகியது.

"நூத்தி அம்பத்தெட்டு இருக்கே அண்ணாச்சி" என்றார் நர்ஸ். "ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? பயப்படாதீய. அஞ்சு நிமிஷம் இருங்க, இன்னொரு தடவ பாப்போம்."

அந்த ஐந்து நிமிடமும் அதே நாற்காலியில். சூப்பர்வைசர் கையில் என் சாவி தனியாக இருந்தது. மற்ற சாவிகளை அவன் மேசையில் வைத்திருந்தான். என் சாவியை ஏற்கெனவே பிரித்துவிட்டான் என்று தோன்றியது.

அப்போதுதான் கூட்டாளி வரிசையிலிருந்து கத்தினான். "மேடம், அவன் பையில ஒரு ஜால்ரா கீது. அத அடிச்சா எறங்கிடும்!"

அறை முழுக்கச் சிரித்தது. "பிரஷருக்கு பஜனையா?" என்றார் ஒருவர். "அப்ப டாக்டருக்கு மிருதங்கம் குடு!" என்றார் இன்னொருவர். என் முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கையில் பட்டை இருந்தது.

நர்ஸ் சிரிக்கவில்லை. "நெசமாவா அண்ணாச்சி?"

தலையாட்டினேன்.

"எடுங்க பாப்போம்."

எடுத்தேன். ஆனால் பட்டை சுற்றிய கையை அசைக்கக் கூடாது, ஒரு கையால் அதைத் தட்டவும் முடியாது. நர்ஸ் கயிற்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். என் சாவி சூப்பர்வைசரிடம் இருந்ததால் கூட்டாளி தன் சாவியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். அவர் ஓங்கி அடித்தார். பித்தளை கத்தியது. மறுபடி சிரிப்பு.

"அப்படி இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்திவிடலாம் போலிருந்தது. நிறுத்தினால் கேட்.

"நடுவுல வேணாம். வெளிம்புல. மெதுவா... சாவி சறுக்கிக்கினு போறாப்பல. அடிச்சிட்டு அது நிக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும். பேசக் கூடாது."

"யாரும் பேசாதீய" என்றார் நர்ஸ், வரிசையைப் பார்த்து.

தட்டினார். இந்தத் தடவை சரியாக வந்தது. அந்த அறையில் சத்தம் நடந்து போக இடம் இல்லை. அதனால் ஆள் ஆளாகச் சுற்றி வந்தது. ஒவ்வொருவர் முகத்திலும் போய் நின்றுவிட்டு நகர்வதை நான் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சை விட்டேன். இரண்டாவது, மூன்றாவது. யாரோ வரிசையில் பெருமூச்சு விட்டார்கள். ஏழெட்டு தடவை இருக்கும். கண்ணை மூடினேன். ஏரி வந்தது, கொக்கு வந்தது. பட்டை இறுகியது எங்கோ தூரத்தில் நடப்பதுபோல இருந்தது.

"நூத்தி முப்பத்தாறு" என்றார் நர்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் வந்து கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் மாதம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். சூப்பர்வைசர் என் உள்ளங்கையில் சாவியை வைத்தான். அவன் கைச்சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். கூட்டாளி வந்து கை நீட்டினான்.

"ஜால்ராவ குடுபா. மதியத்துக்குத் தர்றேன்."

"எனக்கு வேணுமே."

"உனுக்குத்தான் எறங்கிட்சே. எனுக்குத் தூக்கம் வர்ல."

கொடுத்துவிட்டேன். என் பஸ்ஸில் கதவைச் சாத்தாமல் நாலாவது சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்து வண்டியிலிருந்து முதலில் ஒரு முரட்டு அடி கேட்டது. ஏரியில் கொக்கு பறந்துவிட்டது. பிறகு இன்னொன்று, நடுவில் பட்டு, செத்த சத்தம். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் மூன்றாவது, விளிம்பில், சறுக்கிக்கொண்டு வந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக ஏறி, ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டு என்னிடம் வந்தது. அது போகும் வரை மூச்சை விட்டேன்.