பனிக்கடலிலிருந்து பேசிய ஞாயிறுகள்

தொண்ணூறுகளில் ஒரு கோடைக்காலம் முழுக்க, அதாவது அந்தப் பக்கத்தில் டிசம்பர் தொடங்கி, அண்டார்டிக் கடலில், பனிக்கட்டியை ஆராயும் கப்பலில் இருந்தேன். கணவரும் மகளும் ஆக்லாந்தில், எங்கள் பக்குரங்கா வீட்டில். மார்ச்சில் மகளுக்கு ஐந்து வயது. நியூசிலாந்தில் ஐந்தாவது பிறந்தநாள் வந்ததுமே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வந்துவிடுவேன் என்று அவளிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் கப்பலேறினேன்.

வேலை எனக்கு உயிர். கப்பலைப் பனிப்பாளத்தின் ஓரமாக நிறுத்தியதும் ஏணியில் இறங்கி, பனியைத் துளையிட்டு வாழைத்தண்டு போல நீளமாக உருவி எடுப்போம். உடனே வெப்பம் அளந்து, ரம்பத்தால் துண்டு போட்டு, பைகளில் கட்டி, மேலே கொண்டுபோய் உருக்கி, எவ்வளவு உப்பு என்று பார்ப்போம். கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப் போகும். மாட்டிக்கொண்டால் முடிச்சுப் போட வராது. யாரைத் திட்டுவது? பனியைத்தான் திட்டினேன், நல்ல தமிழில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிலைட் போனுக்கு வரிசையில் நிற்போம். ஆளுக்குச் சில நிமிடங்கள். மகளோ போனில் வாயையே திறக்க மாட்டாள். "சாப்பிட்டியாடா கண்ணு?" என்பேன். சத்தமே வராது. அவள் தலையாட்டுகிறாள் என்பார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, ரம்பம் பிடிக்கும்போதும் அதே நினைப்பு. பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பனிமேல் நின்று அவள் பெயரை நானே கூப்பிட்டுப் பார்ப்பேன்.

பிப்ரவரி கடைசியில் காற்று திரும்பியது. பனிப்பாளங்கள் நாலா பக்கமும் நெருக்கிக் கப்பலைப் பிடித்துக்கொண்டன. எப்போது விடும் என்று கேப்டனைத் தினமும் போய் நச்சரித்தேன். காற்று மாறினால் விடும் என்றார் அவர், பொறுமையாக. அது எனக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

பிறந்தநாள் பனிக்குள்ளேயே போயிற்று. எல்லர்ஸ்லியில் இருக்கும் தன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கணவர்தான் அவளைப் பள்ளியில் விட்டாராம். அழவே இல்லையாம். போனில் அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சமாவது அழுதிருக்கக் கூடாதா, கழுதை!

இன்னும் சில ஞாயிறுகள் போயின. கப்பல் அங்கேயேதான் கிடந்தது. அப்படி ஒரு ஞாயிறு, மணி அடித்ததும் போனை எடுத்தது மகள்.

"ஹலோ, மம்மி."

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். பிறகு மூச்சுவிடாமல் பேசினாள். டீச்சர், சிநேகிதி, லஞ்ச் பாக்ஸ், எல்லாமே இங்கிலீஷில், அந்த ஊர்ப் பிள்ளைகள் இழுக்கிற இழுப்போடு. நான் தமிழில் கேட்டதற்கும் பதில் இங்கிலீஷில்தான் வந்தது. என்ன அழகான குரல்! போனைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"அம்மா சீக்கிரம் வந்துடுறேன்டா. வந்ததும் நானே உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இட்ஸ் ஓகே, மம்மி," என்றாள் ரொம்பப் பெரிய மனுஷியாக. "டாடி டேக்ஸ் மீ."

என் நிமிடங்கள் இன்னும் மிச்சம் இருந்தன. வரிசையில் அடுத்து நின்றவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, மேல்தளத்துக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.