என் மாமனாரின் சிவப்புக் கிண்ணங்கள்

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் என் மாமனார் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முப்பது வருடம் துறைமுகப் பட்டறையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ட்ராம் வரும் நேரமானதும் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடிவிட்டன. கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தார், மறுபடி போட்டார். பிறகு ட்ராமில் ஏறித் துறைமுகம் வரை போய், வாசலைத் தாண்டாமல் திரும்பி வந்தார். ஒரு மாதம் இப்படியே போனது. அந்த மாதம் முழுக்க வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த அந்த வீட்டில் நான் வீட்டோடு மாப்பிள்ளை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. பிறர் பேச்சையெல்லாம் ஈயத்தில் அடுக்குவேன், என் பேச்சு மட்டும் வாயைவிட்டு வராது. ஐந்து வருடமாகியும் மாமனாரோடு நேருக்கு நேர் பேசியதில்லை. எல்லாம் என் மனைவி வழியாகத்தான். "அப்பா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்று என்னிடம் சொல்வாள். "அவரு வர்றாராம்பா" என்று அங்கே போய்ச் சொல்வாள். மாமியார் இல்லாத வீடு. எங்கள் இருவருக்கும் நடுவே அவள் ஒருத்திதான் வழி.

ஒரு நாள் மாட்டு வண்டியில் இரும்புச் சாமான் ஒன்று வந்து இறங்கியது. பட்டறையில் கழித்துப் போட்ட, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரம். வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டு அதை நிறுத்தினார். மற்றவர்கள் கடைசல் பிடிப்பதை முப்பது வருடம் பார்த்தவரே தவிர, உளியைத் தொட்டவர் இல்லை. முதல் மரக்கிண்ணம் எகிறிப் போய்க் கோழிக்கூண்டில் விழுந்தது. நாலைந்து மாதத்தில் கை படிந்துவிட்டது. விளிம்பு வெற்றிலை போல மெலிந்து, வயிற்றைச் சுற்றி மூன்று வரி ஓடும் கிண்ணங்கள்.

"இதுல ரசம் ஊத்தலாமாப்பா?"

"ஊத்துனா வீணாப் போயிடும். பாக்குறதுக்குத்தான்."

"பாத்தா வயிறு நிறையுமா?" என்று சிரித்தபடி அவள் மரச் சீவல்களைக் கூட்டி அள்ளுவாள். அடுப்புப் பற்றவைக்க அதுதான் எங்களுக்கு விறகு. மிதிகட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வீடு நிம்மதியாக இருக்கும். மரம் தீர்ந்துவிட்டால் மாமனார் மறுபடி கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்படி ஒரு நாள் நடையோடு நடையாகக் காலாங் ஆற்றங்கரை மரக்கிடங்குக்குப் போய், கழிவுக் குவியலிலிருந்து அடர்ந்த சிவப்பு மரக்கட்டைகளைக் கொண்டுவந்தார். அதில் கடைந்த கிண்ணங்களைப் போல அழகானவற்றை நான் பார்த்ததில்லை. சிவப்புக்குள் கறுப்புக் கோடுகள், நெருப்பின் நடுவே புகை ஓடியதுபோல.

நாலாம் நாள் என் மனைவியின் முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. கையெல்லாம் கொப்புளம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "ஆத்தா வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. எந்திரமும் நின்றது. மாமனார் சத்தமில்லாமல் கூடத்தில் நடந்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் கொப்புளம் வற்றியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, காளியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

மறுநாளே மிதிகட்டை ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி முகம் வீங்கியது.

அடுத்த வீட்டில் ஒரு பால்காரர் எட்டு மாடு வைத்திருந்தார். போன தடவை அம்மனுக்குப் பயந்து வாயைத் திறக்காத மனிதர், இந்த முறை வாசலில் நின்று கத்தினார். "போனவாட்டி ஆத்தான்னு சும்மா இருந்தேன். அம்மை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பாலு எவன் வாங்குவான்? சானிட்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லத்தான் போறேன்லா. தீவுக்குக் கொண்டு போவட்டும்."

அம்மை கண்டவர்களைப் பிரித்து ஒரு தீவில் கொண்டுபோய் வைக்கும் காலம் அது. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒரு பெண் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து வாசலில் ரிக்‌ஷா நின்றால்கூட ஓடிப் போய்க் கதவிடுக்கில் பார்ப்பேன்.

அச்சகத்தில் எழுத்துக்களை மாற்றி மாற்றி அடுக்கித் திட்டு வாங்கினேன். ஒரே யோசனை. ஆத்தா ஓர் உடம்புக்கு இரண்டு தடவை வரமாட்டாள். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இடையில் வீட்டில் நின்றுபோய் மறுபடி தொடங்கியது எது? சிவப்பு மரம் கடைவது ஒன்றுதான். வேலை முடிந்ததும் சதுரமான சிவப்புச் சில்லு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மரக்கிடங்குக்குப் போனேன். அங்கே கட்டை தூக்கிக்கொண்டிருந்த மலாய்க்காரர் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "ரெங்காஸ்! ஜாங்ஙான் பெகாங்!" ரெங்காஸ் அந்த மரத்தின் பெயர்; தொடாதே என்கிறார். அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும், புகையும் ஆகாது, சிலருக்கு மட்டும் ஒன்றும் செய்யாது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். திறக்க முடியாத கண்ணோடு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க. மறுபடி கோட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பாரு. என்னால அதப் பாக்க முடியாது."

"உன்னைக் கொண்டு போயிட்டா?"

அவள் பிடியை விடவில்லை.

மாமனாரிடம் நேராகச் சொல்லத்தான் எனக்கு வராதே. கூட்டிய சீவலை மட்டும் அடுப்பில் போடாமல் பள்ளத்தில் கொட்டினேன். அந்தச் சில்லைத் தண்ணீரில் நனைத்து என் முன்கையில் வைத்துத் துணியால் கட்டி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு நாள் போயிற்று, ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அரித்தது. எரியட்டும், சீக்கிரம் எரியட்டும் என்று அச்சகத்தில் நிலைகொள்ளாமல் நின்றேன். மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரிக்கும்போதே வாசலில் ஆள் சத்தம் கேட்டது.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், கூட மருந்து கட்டும் ஒரு யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர், பின்னால் பால்காரர். மாமனார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றார். "ஆத்தா இருக்கிற வீடு. செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள வராதீங்க."

நான் குறுக்கே போய்ச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன். முன்கையில் சதுரமாகக் கொப்புளம். "மாமா, இது அம்மையில்ல. உங்க சிவப்பு மரம்."

ஐந்து வருடத்தில் அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

டிரஸ்ஸர் என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் என் மனைவியையும் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மன் எங்கையாவது நாலு மூலை வைச்சு வருவாளோ, ஐயா? இது மரத்தின்ர வேலைதான்."

"அப்ப எம் பாலு வாங்குவாங்கள்ல?" என்றார் பால்காரர்.

அவர்கள் போனபின் மாமனார் ஒன்பது சிவப்புக் கிண்ணங்களையும் சாக்கில் போட்டுக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். புகை ஆகாது என்று நான் சொன்னதால் எரிக்கவில்லை. மண்ணை மிதித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து, தேங்காயெண்ணெய் தடவினார்.

"எரியுதா மாப்பிள்ள?"

"இல்ல மாமா." உண்மையில் எரிந்தது.

அதன் பிறகும் அவர் கடைந்தார். ஆனால் எந்த மரம் கிடைத்தாலும் அதில் ஒரு சில்லைத் தம் கையில் கட்டிக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பார். 'சிலருக்கு ஒன்றும் செய்யாது' என்றாரே மலாய்க்காரர், மாமனாரின் தோல் அப்படிப்பட்டதுதான், அவர் கையில் கட்டிப் பார்ப்பதில் பயனில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் என் கையிலும் ஒன்று கட்டிக்கொள்வேன். அந்த மூன்று நாளும் வீட்டில் இரண்டு பேர் நடப்போம். "இன்னைக்கு எத்தனாவது நாளுப்பா?" என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்பாள்.

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது அவர் கையில் கட்டு இருந்தது, மூன்றாம் நாள். நான்தான் பிரித்தேன். தோல் சுத்தமாக இருந்தது. பிறகு தனியே போய் என் கைக் கட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, மனைவியிடம் வந்து நீட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல மரந்தான்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.