பதினொரு புனைபெயர்கள், ஒரு கையெழுத்து

காலை ஒன்பது நாற்பது. திரையில் என் வலைப்பதிவு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பக்கமும், அதைக் காட்ட இயலவில்லை என்ற ஒற்றை வரியும் இருந்தன. இணைப்புக் கோளாறு என்றுதான் நினைத்தேன். பத்தரைக்குள் புனேயின் இரு மூலைகளான வாகடிலிருந்தும் லோஹேகாவிலிருந்தும் பதிவெழுதும் நண்பர்களின் தொலைபேசி வந்துவிட்டது; அங்கும் அதே வெள்ளைப் பக்கம். சில பக்கங்களை மூட அரசு உத்தரவிட்டதாகவும், இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எங்கள் பதிவுகள் இருந்த மொத்தத் தளத்தையே மூடிவிட்டதாகவும் நான் வேலை பார்த்த ஆங்கில நாளிதழுக்கு மதியம் தகவல் வந்தது.

புனேயில் தமிழில் பதிவு எழுதிய எங்கள் கூட்டம் பதினொரு பேர். முப்பத்து நான்கு வயதான நான்தான் மூத்தவன். இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், காய்ச்சலில் கிடக்கிறேன் என்று ஒரு பதிவு எழுதினேன். அதுவரை முகம் பார்த்திராத ஒருவன் வாகடிலிருந்து இரண்டு பஸ் மாறி ரசம் கொண்டுவந்தான். கோயம்புத்தூர்க்காரன், மென்பொருள் சோதிக்கும் வேலை. இந்த ஊரில் நான் தங்கிவிட்டதற்கு அந்த ரசமும் ஒரு காரணம்.

சனிக்கிழமை வாகட் நாற்சந்தியில் அட்டை பிடித்து நிற்பதென்று முடிவாயிற்று. போலீஸ் சௌக்கிக்கு அனுமதி மனுவை ரசம் கொண்டுவந்த அவன்தான் ஆங்கிலத்தில் எழுதினான். பதினொரு பேரும் கீழே எழுதியது எங்கள் புனைபெயர்களை. அது யாருக்கும் தவறாகப் படவில்லை. பாதிப் பேரின் சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. மனுவோடு அவனும் நானும் ஒரு மாணவியுமாக மூன்று பேர் போனோம்.

சப் இன்ஸ்பெக்டர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "அரைத்தூக்கம் கோண் ஹை?"

நான் கையைத் தூக்கினேன்.

"பொடி தோசை?"

விமானப்படைக்காரரின் மகள், லோஹேகாவிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி, கையைத் தூக்கினாள்.

"சட்னி நஹீ ஆயீ?" என்றார் பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள், சட்னி வரவில்லையா என்று. சௌக்கியே சிரித்தது.

சிரித்து முடித்ததும் சப் இன்ஸ்பெக்டர் நிபந்தனையைச் சொன்னார். பொறுப்பேற்க ஒருவரின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும். அனுமதியில்லாமல் நின்றால் எல்லோரையும் வண்டியில் ஏற்றுவார்.

"எங்க அப்பா ஏர்ஃபோர்ஸ்ண்ணா. என் பேரு வந்தா குவார்ட்டர்ஸ்ல பூச்தாச் ஆயிடும்" என்று மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள் என்ற பயம். ஊழியர்கள் போராட்டங்களில் சேரக் கூடாதென்பது என் பத்திரிகையின் விதி; அதை நான் சொன்னேன். விதி உண்மைதான். அதைச் சொல்ல முடிந்ததில் எனக்கு நிம்மதி இருந்ததும் உண்மை.

மிஞ்சியவன் அவன். இரண்டு மாதத்தில் அலுவலக வேலையாகச் சிகாகோ போக வேண்டியவன். அவனுடைய பாஸ்போர்ட் விசாரணைக் காகிதம் அதே சௌக்கியில்தான் கிடந்தது. சப் இன்ஸ்பெக்டருக்கும் அது நினைவிருந்தது.

"தும்ஹாரா பாஸ்போர்ட் பீ இதர் ஹீ ஹை நா? ஸோச் லோ" என்றார். யோசித்துக்கொள் என்று.

"வேண்டாம்டா, விட்டுடலாம்" என்றேன்.

"எப்படீங்கண்ணா விடறது? தமிழ்ல நாலு வரி எழுத நமக்கு வேற எடம் ஏதுங்க? யாராச்சும் ஒருத்தரு போட்டுத்தான ஆகோணும்."

பெயர், தகப்பன் பெயர், குடியிருப்பின் கதவு எண் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் முழுப் பெயரை அன்றுதான் படித்தேன்.

சனிக்கிழமை ஒருவர் வரவில்லை; மழைத் தூறலில் ஒன்பது பேர் ஒரு மணி நேரம் நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம் குறிப்பேட்டோடு நின்றேன். வாகடில் அட்டை பிடித்தால் தண்ணீர்ப் பிரச்சினை என்றுதான் அர்த்தம். ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "பானி நஹீ ஆ ரஹா க்யா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"பானி ஆ ரஹா ஹை, பையா. ப்ளாக் நஹீ ஆ ரஹா" என்றாள் மாணவி. தண்ணீர் வருகிறது, வலைப்பதிவுதான் வரவில்லை என்று.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

நான் எழுதிய நான்கு பத்திச் செய்தி உள்பக்கத்தில் வந்தது. சில நாட்களில் பக்கங்கள் திறந்தன. வேறு ஊர்களிலும் இளைஞர்கள் குரல் எழுப்பியிருந்தார்கள். எங்கள் ஒன்பது பேரால் என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. திறந்த அன்று நான் எழுதிய பதிவில் அவனுக்கு நன்றி என்று மட்டும் இருந்தது. கீழே முதல் ஆளாக அவனே வந்து ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தான்.

அவனுடைய விசாரணை அறிக்கை சௌக்கியை விட்டுக் கிளம்ப ஐந்து மாதம் ஆயிற்று. சிகாகோவுக்கு அவன் குழுவிலிருந்து வேறொருவர் போனார்.