நெல் களத்தில் காய்ந்த நிலக்கரி

காலை 8.20. காட்டுமன்னார்கோயிலுக்கு வெளியே உள்ள அரிசி ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது களம். ஒரு பாதியில் அவித்த நெல். மறுபாதியில் நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பழுப்பு நிலக்கரி. இரண்டையும் ஒரே பெண் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கரிக்குள் இறங்கும்போது மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டார். பெயர் செல்வி.

சிதம்பரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். இங்கே கரியை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். எந்திரத்தைச் செய்தவர் கலைவாணி, பொறியியல் படித்தவர். ஆலை அவருடைய தாய்மாமாவுடையது.

ஆளுயர இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, முழுக்க எரியாதபடி காற்றைக் குறைத்து விடுகிறார்கள். அரைகுறையாக வெந்த கரி, எரியக்கூடிய வாயுவை விடுகிறது. அதைக் குளிரவைத்து, தேங்காய் நாரில் வடிகட்டி, பழைய பெட்ரோல் எஞ்சினுக்குள் அனுப்பினால் டைனமோ சுற்றும். வாயு நச்சு என்பதால் எந்திரம் நிற்கும் கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவரில்லை.

“இன்னிக்கு அரை மணி நேரம் ஓடணும். இல்லன்னா ஷெட்ட காலி பண்ணு, எனக்கு மூட்டை அடுக்கணும்” என்றார் மாமா.

“ஓடும் மாமா.”

9.40. ஓடவில்லை. எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டு நின்றது. கலைவாணி அடிமூடியைத் திறந்தார். வெயிலில் காய்ந்த கரி, உருளைக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்து, காற்று போகும் வழியை அடைத்திருந்தது.

“ஈரம் போவணும்னு நல்ல வெயில்ல போட்டோமே அக்கா!” என்றார் செல்வியிடம்.

செல்வி ஒரு பிடி பொடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அவிச்ச நெல்ல உச்சி வெயில்ல ஒரே மூச்சாக் காயவெச்சா அரைக்கிறப்ப நொய்யாப் போவுது. இதுவும் அப்படித்தான் போல. ஒரு குவியல நான் கரி வந்த அன்னிக்கே நெழல்ல கொட்டிட்டேன், சாக்கு போட்டு மூடி. நாலு நாளா மெதுவா காயுது.”

“என்கிட்ட சொல்லவேயில்லையே?”

“நீ கேட்டியா? படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் சொல்லுவன்னு இருந்தேன்.”

மாமா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது.

நிழல் கரி கட்டியாகவே இருந்தது. இருவரும் நெல் சல்லடையில் சலித்துப் பொடியை நீக்கினார்கள். மறுபடி பற்றவைத்தார்கள். சோதனைக் குழாயின் நுனியில் கலைவாணி தீக்குச்சியை நீட்டினார். புகையில்லாமல் நீலச் சுடர் நின்றது. 11.25க்கு எஞ்சின் உறுமியது. கொட்டகையின் பத்து விளக்குகளும் எரிந்தன. களத்திலிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். செல்வி சல்லடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

11.55. அரை மணி ஆகிவிட்டது.

“நிறுத்தட்டா மாமா?”

“கைய எடு! அது பாட்டுக்கு ஓடட்டும். வாசல் லைட்டுக்கும் ஒரு ஒயர இழு.”

1.10 பஸ்ஸுக்குக் கிளம்பினேன். உச்சி வெயிலில் ஆலையின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.