ஸ்டேட்டஸில் ஒரு சண்டை

ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கப் பழவேற்காடு போனேன். மீஞ்சூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற அளவுக்கு எனக்கு நாக்கு நீளம் — உங்களுக்குத்தான் தெரியுமே! வழக்கமாக எனக்கென்று நண்டு எடுத்து வைக்கும் சுமதி அன்று கடை போடவில்லை. வீடு பக்கம்தான். போனேன்.

வாசலில் அவள் மகள் யாழினி. நான்காம் வகுப்பு. என்னைப் பார்த்தால் ஓடி வருகிறவள், அன்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ ஸ்கூல்ல ஒரு பொண்ணைக் கண்ணுல கட்டையால அடிச்சிட்டாக்கா," என்றாள் சுமதி. "பக்கத்துக் குப்பத்துப் பொண்ணு. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில கீது. பார்வை வருமா இன்னானு டாக்டருக்கே தெரிலயாம்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் புருஷன் தனசேகர் நிமிர்ந்தார். "எல்லாம் இந்தச் சண்டைப் படம் பண்ற வேலக்கா. டிவி ஒயரையே புடுங்கிட்டேன்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எதற்கெடுத்தாலும் சினிமாதானா? நானும் டென்ட் கொட்டகையில் விசிலடித்து வளர்ந்தவள்தான். யார் மண்டையையும் உடைத்ததில்லை... இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே, சினிமாவைக் குறை சொல்லாதீர்கள் என்று இரண்டு முறை எழுதியும் இருக்கிறேன்.

யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "என்ன விளையாட்டுடா ஆடினீங்க?"

"பாடு."

ஏரியில் எந்த இடத்தில், என்றைக்கு, யார் வலை போடுவது என்று குப்பங்களுக்குள் முறை உண்டு. அதற்குத்தான் பாடு என்று பேர். பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் கோடு கிழித்து அதையே விளையாடியிருக்கிறார்கள். அந்தப் பெண் கோட்டைத் தாண்டினாள். இவள் கட்டையைத் தூக்கினாள்.

"எந்தப் படத்துல பார்த்தே?"

"படம் இல்ல ஆன்ட்டி. நைனா சண்டை."

நைனாவின் போனை எடுத்து வந்து காட்டினாள். போன மாதம் ஏரியில் பக்கத்துக் குப்பத்தோடு நடந்த தகராறு. எதிர்ப் படகைப் பார்த்துத் துடுப்பை ஓங்கி நிற்கிறார் தனசேகர். "எங்க பாடு இது, தாண்டுனா ஒடப்பேன்!" ஸ்லோமோஷன். பின்னால் தடதடவென்று ஹீரோ மியூசிக். அப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாராம். எனக்கும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

மைதானத்தில் யாழினி கத்தியதும் அதே வசனம்தானாம்.

"நான் அடிக்கவே இல்லக்கா." தனசேகர் வலையைக் கீழே வைத்தார். "ஓங்குனதோட சரி. அப்பால ரெண்டு ஊரும் குந்திப் பேசித் தீர்த்துக்கினோம். அது வீடியோல இல்ல."

ஆமாம், அது வீடியோவில் இல்லை.

சண்டைப் படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா? இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் படத்தில் அடிப்பவர் நடிகர் என்று நான்காம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். நைனா நடிகர் இல்லையே! அவர் ஓங்கினால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள். டிவி ஒயரைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

கிளம்பும்போது யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி... அவளுக்குக் கண்ணு தெரியும்ல?"

அவள் தலையைத் தடவிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னவோ உறுத்தல்... போனை எடுத்து தனசேகரின் பெயரைத் தேடினேன். போன மாதம் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு நான் அனுப்பிய பதில் அப்படியே இருந்தது.

'செம மாஸ்!'